பாயளவு வெயில்

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை, கார்த்திகையில் நிற்க மறந்துபோய் மார்கழிக்குள்ளும் காலை வைத்தபோது, எங்கள் தாபோர்விளையில் காய்ந்த பொருள் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. பானைக்குள் கருப்பட்டி கசிந்தது, ஜாடிக்குள் உப்பு தண்ணீராய் நின்றது, தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாய் உதிர்ந்தது, பீரோவில் மடித்து வைத்த கல்யாணச் சேலைகளில் பூசணம் பூத்தது, தேரி மணல் சிவப்புக் கூழாகி வாசல்படி வரைக்கும் ஏறி வந்து படுத்துக்கொண்டது. என் மகள் நிசிக்கு அப்போது எட்டு மாசம். அவள் நனைக்கிற துணியை அலசி, அடுப்புக்கு மேலே கட்டின கயிற்றில் போட்டு, அது காயாமல் புகை மட்டும் ஏறி, அந்தப் புகைத்துணியையே திரும்ப அவளுக்குக் கட்டி, அவள் திரும்ப நனைத்து, நான் திரும்ப அலசி, இப்படியே என் விரலெல்லாம் வெந்த கிழங்குத் தோல் மாதிரி சுருங்கிப்போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கோயிலுக்குள் அந்த வெயில் விழுந்தது.

விழுந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஐயர் பிரசங்கத்தில் இருந்தார், ஓட்டின்மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. பெண்கள் பக்கத்தில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நான் எப்போதும் உட்காருகிற இடத்தில், ஒருவர் படுக்கிற பாயை விரித்துப் போட்டதுபோல வெயில் வந்து விழுந்தது, நானும் என் மடியில் நிசியும் அதற்குள் இருந்தோம். பக்கத்தில் இருந்த பாக்கியத்தாய்ச் சித்தி தன் ஈர முந்தானையை மெதுவாக அதற்குள் நீட்டி வைத்துக்கொண்டு பிரசங்கத்தைக் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு நிசி என் மடியை நனைத்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி பக்கவாசல் வழியாக வெளியே போக, அந்த வெயிலும் தரையிலிருந்து எழுந்து என் பின்னாலேயே வந்தது, வாசல்படியில் மடிந்து இறங்கியது, மழைக்குள்ளும் வந்தது. அது படுத்த இடத்தில் மழை விழவில்லை. சுற்றிலும் கொட்டிக்கொண்டிருக்க, நான் நின்ற பாயளவு இடத்தில் மட்டும் மண் வெளுத்து, சூடேறி, நிசி தும்மினாள்.

எங்கள் அத்தை செல்லக்கனி ஆராதனை முடிந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நல்லதாப் போச்சு. வீட்டுக்கு வா, வத்தல் எல்லாம் பூத்துக் கெடக்கு."

வத்தலைக் காய வைத்தார்கள். மத்தியானத்துக்குள் ஊர் வந்துவிட்டது. சொளவு என்கிற முறத்தில் மிளகாய், கடவப் பெட்டியில் புளி, பாத்திரத்தில் புட்டுக்கு இடித்த மாவு, பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு, கசிந்த கருப்பட்டி, ஊறின செருப்பு, ஐயர் வீட்டிலிருந்து அவருடைய வெள்ளை அங்கிகூட ஒரு கம்பில் மாட்டி வந்தது. என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை; யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான் கேள்வி. வெயில் என் காலடியை விட்டு இரண்டு முழத்துக்கு மேல் போகாது என்று தெரிந்தவுடன், நான் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் ஊரே முடிவு செய்தது.

சபைச் செயலர் வேதமுத்து மாமா குடையை மடக்காமலே எங்கள் வாசலில் நின்று சட்டம் பேசினார்.

"வெயில் எது வழியா வந்துது? கோயில் ஜன்னல் வழியா. அப்ப அது சபைச் சொத்து."

"அது எம் மருமவ காலச் சுத்திக்கிட்டுல்லா கெடக்கு?" என்றார்கள் அத்தை.

"உங்க மருமவ யாரு? சபையில ஒரு ஆளு. சரியாப் போச்சா?"

மறுநாளிலிருந்து கோயில் வளவுக்குள், திறந்த முற்றத்தில், ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். என்னைச் சுற்றிச் சொளவுகள். நான் இருமினால் மிளகாய் குலுங்கியது. காலை மாற்றி வைத்தால், "ஏட்டி, அசையாத, எம் புளி நிழலுக்குப் போவுது!" என்று சத்தம் வந்தது. ஒதுங்கப் போக வேண்டுமென்றால் பெண்கள் கூடிப் பேசி, சொளவுகளைத் தூக்கிக்கொண்டு, என்னோடு கக்கூஸ் வாசல் வரைக்கும் வந்து, வரிசையாக நின்று, திரும்பக் கூட்டி வந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்குக் கழுத்து வேர்க்கும். அந்த நாட்களில் ஊரே என்னைப் பார்த்தது. இல்லை, என்னைப் பார்க்கவில்லை, என் காலடியைப் பார்த்தது.

அடுத்த ஞாயிறு ஐயர் அதையே பிரசங்கமாக வைத்தார். கீழ்ப்படிதல் உள்ள ஒரு மருமகள்மேல் ஆண்டவர் தம்முடைய முகத்தின் ஒளியை விழப் பண்ணினார் என்றார். அத்தை திரும்பித் திரும்பி எல்லாரையும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலில் கண்ணீர் வந்தது. நான் வாய் திறக்காமல் இருந்தது கூச்சத்தினால்; அதற்குக் கீழ்ப்படிதல் என்று பேர் வைக்கிறார்களே! என்னிடம் இல்லாத குணத்தை இருக்கிறது என்று சொல்லி என் தலைமேல் வைத்தால் அதைச் சுமக்கிறது யார்? இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சொல்ல ஒருத்தி இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

என் வீட்டுக்காரர் தவசிங் மூத்தவர், ஜெபசிங் இளையவர். ஜெபசிங்குடைய மனைவி எப்சிபா என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனால் நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வாயாக இருந்தவள் அவள்தான். கடையில் எனக்கு வேண்டியதை அவள் கேட்பாள். அத்தையிடம் எனக்குத் தலைவலி என்று அவள் சொல்லுவாள். "அக்காவுக்குப் பசிக்கு, அவங்க கேக்கமாட்டாங்க, நீங்க போட்டாத்தான் உண்டு" என்று பந்தியில் சத்தம் போடுவாள்.

பிறகு, இறந்துபோன என் மாமனாரின் நினைவாகக் கோயிலின் உயரத்தில் ஒரு கலர்க்கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். இரண்டு மகன்களும் சேர்ந்து செய்தது. கண்ணாடியில் பேர் எழுதி வந்தபோது மூத்தவர் பேர் மட்டும் இருந்தது. எழுதினவன் விட்டானா, எழுதச் சொன்னவர் விட்டாரா என்பது இன்றைக்கும் தெளியவில்லை. பிரதிஷ்டை ஜெபம் முடிந்தவுடன் ஜெபசிங் கீழே நின்று அண்ணாந்து வாசித்தார், திரும்பவும் வாசித்தார், வெளியே போய் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் நடந்ததால் கமிட்டி கூடி அவரைச் சபையை விட்டுத் தள்ளி வைத்தது. மன்னிப்பு எழுதித் தரும் வரைக்கும் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது, அசனச் சாப்பாட்டில் அந்த வீட்டுக்கு இலை கிடையாது, ஊர் ஆட்கள் அந்த வாசலுக்குப் போகக்கூடாது. ஓட்டையை ஒரு சிமெண்டுச் சாக்கால் அடைத்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு வளவின் நடுவில் சுவர் எழுப்பி, மேலே உடைந்த பாட்டில் பதித்தார். அன்றையிலிருந்து எனக்கு வாய் இல்லை.

மழைக்குள்தான் எப்சிபாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார்கள், பின்னாலேயே தரைப்பாலம் மூழ்கியது. ஊரிலேயே குடியிருக்கிற நர்ஸம்மா போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது, இளவெயிலில் காட்டுங்கள் என்றாராம். ஊரில் எந்த வீட்டுக்கும் தெரியாத சங்கதி இல்லை அது. இளவெயில் எங்கே இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு சங்கதியையும் சேர்த்து ஒருத்தர் வாயிலும் வரவில்லை. வெயிலுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

விடிகாலையில் நான் நிசியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு வந்தால், அது என் காலடியில் நிற்காது. கயிற்றில் கட்டின கன்று மாதிரி இழுத்துக்கொண்டு சுவரடிக்குப் போகும். தன் இரண்டு முழமும் நீண்டு, செங்கலில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். மழைநாளிலே முதல் தரமாக அந்தச் சுவர் காய்ந்து, ஒரு வட்டத்துக்கு வெளுத்துப்போனது. அந்தப் பக்கமிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வரும். நல்ல பிள்ளை அழுகிற அழுகை இல்லை, பூனைக்குட்டி தூக்கத்தில் முனகுகிறது மாதிரி ஒன்று. எப்சிபா ஒரு தரமாவது "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கூப்பிடவில்லை.

ஒரு காலையில் எனக்குக் கோபம் வந்தது. ஆண்டவர்மேல்தான் வந்தது.

"நீர் போனா என்ன?" என்றேன், சுவரைப் பார்த்து, நிசிக்குக்கூடக் கேட்காத குரலில். "கடல்மேல நடந்தீரே, ஒரு செவுரு தாண்ட முடியாதா உமக்கு? இந்த ஊர்ல வாயுள்ளவங்க எத்தன பேரு இருக்காங்க. ஐயரு இருக்காரு, செயலர் இருக்காரு. அவங்க காலடியில போய் விழுந்தா என்ன? நாலு பேரு முன்னால நிக்கத் தெரியாத எம் பின்னால வந்து நின்னுக்கிட்டு, அங்க போ அங்க போன்னு இழுத்தா நான் எப்படிப் போவேன்? எங்க வீட்டுக்காரரு சம்மதிக்கணும், அத்தை சம்மதிக்கணும், சபை சம்மதிக்கணும். உமக்கென்ன, இழுத்துட்டு நிப்பீரு."

வெயில் செங்கலிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏங்க, பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் வெயில்..."

"நான் வேண்டாம்னா சொன்னேன்? ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கட்டும் அவன். நானே உன்னக் கூட்டிட்டுப் போய் அங்க விடுதேன்."

"பிள்ள எழுதுமா?"

இதைச் சொன்னது நானா என்று அவரும் நானும் ஒரே நேரத்தில் திகைத்தோம். அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். அத்தை, "வாய் நீளுதே" என்றார்கள்.

ஐயரிடமும் போனேன். அவர் வீட்டு வராந்தாவில் என்னைக் கண்டவுடன் வெயிலுக்கு நேராக ஈரக் காலுறைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். நூறு வார்த்தை யோசித்துப் போய், வெளியே வந்தது "எப்சிபா பிள்ளை" என்கிற இரண்டு வார்த்தைதான். ஐயர் நல்லவர், அவர் கண் கலங்கியது.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. கமிட்டியில பேசுதேன். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு பாரு. ஜெபம் பண்ணிக்கோ."

கமிட்டி பேசியது. தீர்மானம் என்னவென்றால், சபைக்கு வந்த வெயில், சபைக்கு விலக்கான வீட்டுக்குப் போவது ஒழுங்கல்ல. ஆனால் அந்தப் பிள்ளைக்காக எல்லா வீட்டிலும் ஊக்கமாக ஜெபிக்க வேண்டும். ஊக்கமாகவே ஜெபித்தார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என்னைச் சுற்றி நின்று, கண்களை மூடி, அந்தப் பச்சைப்பிள்ளைமேல் உம்முடைய வெளிச்சத்தைப் பிரகாசிக்கப் பண்ணும் ஆண்டவரே என்று ஜெபித்தார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, மிளகாயைப் புரட்டிப் போட்டார்கள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நர்ஸம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கோயில் வளவு வழியாகப் போனார்.

"எப்படி இருக்கு பிள்ள?" என்று பாக்கியத்தாய்ச் சித்தி கேட்டாள்.

"பால் குடிக்க மாட்டேங்கு. மஞ்சள் வயித்தத் தாண்டிட்டு. தொடைக்கு வந்துட்டு. முட்டுக்குக் கீழ எறங்கிச்சுன்னா எப்படியாவது பாலம் தாண்டிக் கொண்டுபோயிரணும். மாருக்கு மேல தண்ணி ஓடுது, எப்படிக் கொண்டுபோவாங்களோ."

பெண்கள் "ச்சொ" என்றார்கள். எல்லார் நாக்கும் ஒன்றுபோலச் சத்தம் போட்டது. பிறகு ஒருத்தி, "புளி ஒரு பக்கந்தான் காஞ்சிருக்கு" என்றாள்.

அப்போது என் நாற்காலிக்குக் கீழிருந்து வெயில் நழுவியது. இழுக்கவில்லை, என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறது மாதிரி நழுவி, வளவு வாசல் பக்கமாகப் போய், நூல் அறுகிற எல்லையில் நின்று திரும்பியது. என் முழங்கால்மேல் மழை விழுந்தது. நிசியின் தலையிலும் விழுந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். கோயில் சுவரின் உயரத்தில் மாமனாரின் ஜன்னல், சிவப்பும் நீலமும் பச்சையுமாக நனைந்து நின்றது. அதன் மூலையில் அடைத்திருந்த சாக்கு காற்றில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் காலடியில் கிடந்த வெயிலில் ஒரு நாளும் சிவப்போ நீலமோ இருந்ததில்லை. கறந்த பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. கண்ணாடி வழியாக வந்திருந்தால் கலர் ஒட்டியிருக்குமே!

நான் எழுந்து நின்றேன்.

"ஏட்டி ஜெபகனி, உக்காரு!"

நடந்தேன்.

"எம் மாவு! எம் மாவு நனையுதுட்டீ!"

நான் நடக்க நடக்க, நிழல் விழுந்த சொளவுகளில் மழை கொட்ட, பெண்கள் அவற்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் முண்டியடித்து ஓடி வந்தார்கள். மிளகாயோடு ஒருத்தி, புளியோடு ஒருத்தி, பிள்ளைகளின் காற்சட்டைகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஒருத்தி, கம்பில் மாட்டின ஐயருடைய அங்கியைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாக்கியத்தாய்ச் சித்தி. நடுவில் நான், இடுப்பில் நிசி. அதைப் பார்த்தவர்கள் குருத்தோலைப் பவனி தப்பான மாசத்தில் வருகிறது என்று நினைத்திருப்பார்கள். அந்தத் தெரு முழுக்க எனக்கு வேர்த்தது. தரையை மட்டும் பார்த்தேன். எந்த வீட்டுப் படியைத் தாண்டுகிறோம் என்பது வெயிலில் தெரிந்த செருப்புகளையும் கோழிக்காலையும் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டு முக்கில் என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். அத்தையும் நின்றார்கள்.

"எங்க போற?" என்றார் அவர்.

வெயில் அவருடைய செருப்புவரைக்கும் போய் நின்றது.

"எங்க போறன்னு கேட்டேன். ஊரே பாக்குது."

"போன ஞாயித்துக்கெழமதானட்டீ ஐயரு அவ்வளவு சொன்னாரு," என்றார்கள் அத்தை. "கீழ்ப்படியணும்னு."

"அதுக்குத்தான் போறேன், அத்தை," என்றேன்.

கத்திச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. நிசி பயந்து அழ ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் வழி விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. நான் அவரைச் சுற்றிப் போனேன், வெயில் அவர் பாதத்தின்மேல் ஏறி இறங்கி என்னோடு வந்தது.

எப்சிபாவின் வாசலுக்கு வந்தவுடன் கூட வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். விலக்கான வாசல் அல்லவா! தலையில் சொளவோடு மழையில் நின்றார்கள், வாசல்படியை மிதிக்கவில்லை. நான் மிதித்தேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திரும்பத் தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. எப்சிபா நின்றாள், தலை பின்னாமல், கண்ணெல்லாம் உள்ளே போய்.

"என்ன?" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை. என் வாயாக இருந்தவளிடமே எனக்கு வாய் வரவில்லை. கையைக் காட்டினேன், கீழே.

"கேட்டனா நான்? வெயில் வேணும், கொண்டுட்டு வாங்கன்னு கேட்டனா? ஊரு மிளகாயெல்லாம் காஞ்சு முடிஞ்சு மிச்சம் இருக்கோ? அதான் வந்தீங்களோ?"

"எப்சி..."

"எத்தன நாளு, அக்கா? செவுத்துல கைய வச்சா சுடுது. அந்தப் பக்கம் சுடுது, இந்தப் பக்கம் எம் பிள்ள மஞ்சக்கெழங்கு மாதிரி கெடக்கு. கைய வச்சுப் பாத்துட்டு நின்னேன், தெரியுமா? நீங்களும் அங்கதான் நின்னீங்க. உங்க மூச்சு எனக்குத் தெரியாதா?"

அவள் கதவைச் சாத்தினாள். நான் வாசலிலேயே உட்கார்ந்தேன். போவதற்கு வேறு இடம் இல்லை. முன்னால் கதவு, பின்னால் ஊர். வெயில் அந்தக் கதவின் கீழ் இடுக்கு வழியாகத் தன்னை மெல்லியதாக ஆக்கிக்கொண்டு உள்ளே ஒரு கோடாய்ப் போனது.

உள்ளேயிருந்து ஜெபசிங்கின் குரல் கேட்டது. "தொறட்டீ. மயினி நனையுதாங்க."

"நனையல்ல. அவங்களுக்கென்ன, வெயிலோட வந்த மவராசி."

ஆனாலும் கதவு திறந்தது. எப்சிபா கையில் பிள்ளை இருந்தது. துணியை விலக்கினாள். வயிறும் தொடையும் பூவரசம்பூ மாதிரி மஞ்சள். என்னைப் பார்க்காமலே வெயிலுக்குள் பாயைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினாள். நான் அவளுக்கு இடம் விட்டு எழுந்து ஒதுங்கினேன். என்னோடு வெயிலும் ஒதுங்கியது. பிள்ளை நிழலில் கிடந்தது.

"என்ன வெளையாடுறீங்களா?"

"நான் இல்ல எப்சி. அது எங்கூட வருது."

"அப்ப உக்காருங்க!"

உட்கார்ந்தேன். பாயளவுதான் வெயில். அதில் அவள் பிள்ளை, என் பிள்ளை, அவள், நான். ஒருத்தி தோளை விட்டு ஒருத்தி நகர்ந்தால் ஒரு பிள்ளை நிழலுக்குப் போனது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். அது கொஞ்சம் பெரிதாகக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆண்டவர் நினைத்தால் ஒரு வளவுக்கு விரிக்கமாட்டாரா? ஒரு விரற்கடைகூட அது விரியவில்லை.

ஜெபசிங் நிலைப்படியில் நின்று அந்த வெள்ளை வெயிலையே பார்த்தார்.

"கொழுந்தனாரே," என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். "கண்ணாடி வழியா வரல்ல இது. கலரே இல்ல பாருங்க. நீங்க போட்ட ஓட்டை வழியாத்தான் வந்திருக்கு."

அவர் குனிந்து வெயிலின் ஓரத்தில் கையை வைத்தார். "சுடுதே" என்றார். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் அத்தையின் குரல். நனைந்து, சேலை உடம்பில் ஒட்டி, தலையில் வத்தல் சொளவோடு நின்றார்கள். அந்தப் பிள்ளையை, சொந்த மகனின் பிள்ளையை, அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறார்கள். தெருவில் நின்ற சபை ஆட்களை ஒரு பார்வை, வாசல்படியை ஒரு பார்வை பார்த்தார்கள். சொளவைக் கீழே வைத்தார்கள். ஊர் முழுக்கப் பார்க்க அந்த வத்தல் மழையில் ஊறியது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கட்டீ," என்றார்கள். "நான் பிள்ளையப் பாக்கண்டாமா?"

"எங்க தள்ள?" என்றாள் எப்சிபா. "எடம் எங்க இருக்கு?"

"இப்படி ஒட்டு." அத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முழங்காலைச் செருகி உட்கார்ந்தார்கள். ஈரச்சேலை என்மேல் சில்லென்று பட்டது. எப்சிபாவின் முழங்கை என் விலாவில் குத்தியது. நிசி அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்து வாயில் வைக்கப் போனாள். அத்தை பிள்ளையின் நெற்றியைத் தடவிவிட்டு, "மூக்கு எங்க வீட்டு மூக்கு" என்றார்கள். அதற்கு எப்சிபா, "மூக்கு மட்டும் வந்தாப் போதும்" என்றாள்.

தினமும் விடிய நான் சுவரைச் சுற்றி, தெருவைச் சுற்றி, அங்கே போனேன். மஞ்சள் முட்டிக்குக் கீழே இறங்கவில்லை. தொடையை விட்டுப் போனது, வயிற்றை விட்டுப் போனது, கடைசியில் கண்ணின் வெள்ளையில் கொஞ்ச நாள் தங்கி, ஒரு காலையில் அங்கேயும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பால் நன்றாகக் குடிக்கிறானா என்று மட்டும் கேட்டு அனுப்பினார்களாம்.

ஊர் சும்மா இருக்கவில்லை. சபைச் சொத்தைக் கேட்காமல் கொண்டுபோனதற்காகக் கமிட்டி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தது. அவர் அங்கே என்ன சொன்னார் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து, "இனிமே யாராவது கேட்டா எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனன்னு சொல்லு" என்றார். அண்ணனும் தம்பியும் இன்னும் பேசவில்லை. சுவரும் நிற்கிறது, பாட்டிலும் அப்படியே இருக்கிறது. இனி இப்படி ஒரு தொந்தரவு வரக்கூடாது என்று வேதமுத்து மாமா கொத்தனாரைக் கூட்டி வந்து, ஜன்னலின் ஓட்டையைச் சிமெண்டு வைத்து நன்றாகப் பூசி அடைத்துவிட்டார். அதற்கும் ஒரு ஸ்தோத்திர ஜெபம் நடந்தது.

மழை தை மாசத்தில் நின்றது. ஒரு காலையில் மேகமெல்லாம் விலகி, எல்லார் ஓட்டிலும் எல்லார் வாசலிலும் ஒரே மாதிரி வெயில் அடித்தது. என் காலடியில் கிடந்தது அதோடு கலந்துபோய், எது என்னோடு வந்தது, எது சும்மா வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போனது. தேடிப் பார்த்தேன். கோபமாக இருந்தது எனக்கு, சொல்லாமலா போவது!

அன்றைக்கும் எப்சிபாவின் வாசலில்தான் உட்கார்ந்திருந்தோம். முன்னால் வளவு முழுக்க வெயில், கோழி மேய்கிற அளவுக்கு இடம் கிடந்தது. எப்சிபா தோளால் என்னை இடித்தாள்.

"இப்பத் தள்ளி உக்காரலாமே, அக்கா. ஊரெல்லாம் வெயிலு."

"நீ தள்ளி உக்காரு," என்றேன்.

"நான் எதுக்குத் தள்ளணும்? இது எங்க வாசல்."

அவளும் தள்ளவில்லை, நானும் தள்ளவில்லை. நடுவில் அத்தை வந்து, இடமே இல்லாத இடத்தில், முழங்காலைச் செருகினார்கள்.